ஆகாத காரியத்துக்கு ஆங்கிலத்தில் பெயர்

ஆந்திரா பிரிந்து எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த காலம். நான் திருப்பதிக் கல்லூரி மாணவன். உருப்படாத யோசனைகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை நோட்டில் சேர்த்துவைத்து, ஊரார் எது பேசினாலும் ஒன்றை எடுத்து வீசுவேன்.

புத்தூர் பக்கத்து எங்கள் ஊரில் தமிழ் வகுப்பை மூடப்போவதாகச் செய்தி வந்தது. பத்துப் பிள்ளைகளின் பெயர் கொடுத்தால் வகுப்பு நிலைக்கும் என்றார்கள். முனிரத்தினம் மாமா கரும்புக் கொல்லையை விட்டுவிட்டு வீடு வீடாக அலைந்தார்.

"இது நான்-ஸ்டார்ட்டர், மாமா."

"அப்டின்னா இன்னாப்பா?"

"கிளம்பவே கிளம்பாதது. வைல்ட் கூஸ் சேஸ்னும் சொல்லலாம், வீண் அலைச்சல்."

"தள்ளிக்கினு போனா கிளம்பாதா?" என்று சிரித்தார்.

பட்டிக்காட்டுப் பிடிவாதம் என்று எனக்கு இளக்காரம். அன்றே நைனாவிடம், "இது நடக்காது, தங்கச்சியைத் தெலுங்கு வகுப்புல சேத்துடு" என்றேன். படித்தவன் பேச்சாயிற்றே, மறுநாளே சேர்த்துவிட்டார்.

கடைசி நாளன்று மாமாவோடு சித்தூர் ஆபீசுக்குப் போனேன், வேடிக்கை பார்க்கத்தான். குமாஸ்தா பட்டியலை விரல் வைத்து எண்ணினார்.

"ஒம்பதுதான் இருக்குது. ஒண்ணு தக்குவ," என்று காகிதத்தைத் திருப்பித் தள்ளினார்.

ஊரில் மிச்சமிருந்த ஒரே தமிழ்ப் பிள்ளை என் தங்கை. அவளைத் தெலுங்கில் சேர்க்கச் சொன்னது நான்தான் என்பது மாமாவுக்குத் தெரியாது.

பஸ்ஸில் என் தோளைத் தட்டி, "நீ அன்னிக்கே சொன்னியேப்பா. படிச்சவன் படிச்சவன்தான்" என்றார்.

அதில் குத்தல் இல்லை, மனதார மெச்சினார். அந்த மெச்சலை நான் வாங்கிக்கொண்டேன். இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை.