மொட்டைமாடித் தொட்டியின் முகவரி

லெபனானின் பெத்தாவி அகதி முகாமில் வீட்டுக்கு எண் கிடையாது, சந்துக்குப் பெயர் கிடையாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் மருந்துக்கடையில்தான் கிடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு முகவரி கொடுக்கக் கிளம்பினான் உம்மு விசாமின் ஒரே மகன் விசாம். "மனுஷனுக்கே விலாசம் இல்ல, தொட்டிக்கு ஒரு கேடா?" என்று சந்தே சிரித்தது.

அவன் ஒரு தொண்டு நிறுவனத்தில் இணைய வேலை பார்த்தான். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும் சின்னக் கருவிகளை மாடிக்கு மாடி மாட்டினான். எல்லாக் கருவிகளும் ஒரே இணைப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் வெளியிலிருந்து ஒன்றைத் தனியாகக் கூப்பிட முடியாது. மருந்துக்கடைக் கடிதம் மாதிரிதான். அதனால் ஒவ்வொன்றுக்கும் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் நேரே கேட்கக்கூடிய தனி முகவரி கொடுத்தான். தன் வீட்டுக் கருவியில் மட்டும் ஒரு பச்சை விளக்கு வைத்தான். வெளியிலிருந்து யாராவது கேட்டால் அது ஒருமுறை மினுக்கும்.

"அவ்வளவு நீள நம்பர்ம்மா. தெரியாதவன் தடுக்கி விழுந்துகூட இங்க வர முடியாது. மினுக்கினா நான்தான்."

உம்மு விசாம் வாய்க்காரி. புருஷன் செத்த பிறகு அடுப்படியில் வெந்து, ரொட்டி சுட்டு விற்று மகனை ஆளாக்கியவள். அவளுக்கு நிறுக்கும்போது காய்கறிக்காரன் தராசில் விரல் வைக்க மாட்டான். மகன் ஐரோப்பாவுக்குப் படகேறப் போகிறேன் என்றதும், "இந்த வாசலத் தாண்டினா, வல்லாஹி, உன் குரலக்கூடக் கேக்க மாட்டேன்!" என்று ஆண்டவன்மேல் ஆணையிட்டாள். பயந்து நின்றுவிடுவான் என்று நினைத்தாள். பாவி, அவனும் அவள் வயிற்றில் பிறந்தவன்தானே.

போகும்போது அவள் கையை முத்தமிட்டான். "பேச வேணாம். தொட்டியக் கேட்டுக்கறேன். ரெண்டு தடவ கேப்பேன். ஒண்ணு தண்ணிக்கு, ஒண்ணு உனக்கு." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் துருக்கியில் படகுக்குக் காத்திருந்த காலமெல்லாம், தினமும் காலையில் விளக்கு இருமுறை மினுக்கியது. துணி காயப்போடுகிற சாக்கில் அவள் மேலே ஏறுவாள். மினுக்கியதும், "இருக்காராம் துரை!" என்று தொட்டியிடம் நொடித்துவிட்டு இறங்குவாள். அன்றைக்கு ரொட்டி மெத்தென்று வரும்.

"ஆணைக்குப் பரிகாரம் இருக்குடி. பத்து ஏழைக்குச் சோறு போடு, முடியாட்டி மூணு நாள் நோன்பு வை. வெச்சுட்டுப் புள்ளகிட்டப் பேசு" என்றாள் பக்கத்து வீட்டு உம்மு ஹைதம்.

"கொஞ்ச நாள் வேகட்டும்."

ஒரு காலை விளக்கு மினுக்கவில்லை. மறுநாளும் இல்லை. அப்புறம்தான் நோன்பு வைத்தாள், அழுதுகொண்டே வைத்தாள். மூன்றாம் நாள் மாலை, பேரீச்சம்பழம் வாயில் இருக்கும்போதே மகனை அழைத்தாள். தொலைபேசி அணைந்து கிடந்தது. எந்தப் படகு, எந்தக் கரை என்று சொல்ல யாருமில்லை. பிடிபட்டு எங்கேயாவது சிறையில் இருப்பான், வெளியே வந்ததும் தொட்டியைக் கேட்பான் என்று மாடியிலேயே உட்கார்ந்தாள்.

குளிர்காலம் முடியும்போது விசாமின் வேலைக்கு வந்த நாதிர் மாடியேறினான். நிறுவனம் வேறு இணைப்புக்கு மாறுகிறது. எல்லாக் கருவிகளுக்கும் புது முகவரி.

"இத மட்டும் விட்டுடு. அவனுக்கு இந்த முகவரிதான் தெரியும்" என்று தொட்டியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என் கையில இல்ல சாச்சி. பழைய இணைப்பே போயிடுது. நான் மாத்தாட்டியும் அது செத்துடும்."

"அவன் வந்து கேட்டா?"

நாதிர் மடிக்கணினியைத் திறந்தான். எதற்கும் மசியாத அந்த மனுஷி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அவளை அப்படிச் சந்தில் யாரும் பார்த்ததில்லை. கடைசியில் தானே விலகி வழிவிட்டாள்.

மறுநாள் காலை விளக்கு மினுக்கியது.

துணிக்கூடை கையிலிருந்து விழுந்தது. "யா ரப்பி!" என்று மண்டியிட்டாள். அடுத்த மினுக்கலுக்காகக் கண்ணைக்கூட இமைக்காமல் பார்த்திருந்தாள். துணியெல்லாம் விழுந்த இடத்திலேயே காய்ந்துபோனது. விளக்கு அப்புறம் மினுக்கவேயில்லை. அதற்கு மறுநாளும் ஒன்றுதான். புது முகவரி யாருக்குத் தெரியும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

நாதிர் அடுத்தமுறை சந்துக்கு வந்தபோது கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஏலக்காய் போட்டுக் காப்பி கொடுத்தாள். அவன் கோப்பையைக் காலி செய்தான்.

"விசாம் ஒண்ணோட நிறுத்த மாட்டான்யா" என்றாள்.

அவன் தலை கவிழ்ந்தது. "மன்னிச்சிடுங்க சாச்சி. நீங்க கெஞ்சினதப் பாத்து மனசு கேக்கல. இனிமே செய்ய மாட்டேன்."

கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படி வரை போனவள், திரும்பாமலே நின்றாள்.

"நிறுத்தாதய்யா. நாளைக்கு ரெண்டு தடவ கேளு."