பட்டில் ஒட்டிய வெள்ளை இழை

போன வாரம் ஒரு பட்டுப்புடவையின் இழையைப் பிடுங்கிக் கொளுத்தினேன். வேண்டுமென்றேதான்!

என் சந்தேக புத்திதான் உங்களுக்குத் தெரியுமே. மகளின் நிச்சயதார்த்தத்துக்காக, ஆரணியில் எங்கள் பக்கத்துத் தெருவில் தறி வைத்திருக்கும் தேவகியிடம் சொல்லி நெய்த மயில்கழுத்துக் கலர் புடவை. பிரித்தால், அங்கங்கே மெல்லிய வெள்ளை இழைகள்... பட்டு எரிந்தால் முடி கருகும் வாடை வர வேண்டும். நான் கொளுத்திய வெள்ளை இழையில் வந்ததோ காகிதம் எரியும் வாடை. பருத்தி கலந்துவிட்டார் — வேறென்ன?

அவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. நேராகத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் தேவகியிடம் கொடுத்த ஆர்டரை கேன்சல் செய்துவிட்டார்கள்.

மறுநாள் தேவகி வந்தார். சண்டை போடவில்லை. புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, ஒரு வெள்ளை இழையைப் பதமாக உருவினார். அதன் அடியில், எள்ளைவிடச் சின்னதாக ஏதோ இருந்தது.

"நூலுக்கு வெதை இருக்குமாங்க?"

தன் தெருவுக்கு அழைத்துப் போனார். நெய்வதற்கு முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடும் இடம் அது. சுவரோரமெல்லாம் பூவாங்குருந்தல் செடி. சாமந்திக் குடும்பம். மழைக்கு முளைத்து, ஊதா நிறத்தில் பூத்து, வருடத்துக்குள் காய்ந்துவிடும். குனிந்து அதையும் சந்தேகத்தோடு பிரித்தேன். நாம் ஒரு பூ என்று நினைப்பது ஒரு பூவே இல்லை! ஏறக்குறைய இருபது குட்டிப் பூக்கள் ஒரே காம்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஒற்றைப் பூவாக நடிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விதை, அதன் தலையில் பறப்பதற்கு வெள்ளைக் குஞ்சம்.

"நாங்க கஞ்சி போட்டுகினு இருக்கசொல்ல காத்து அடிச்சிச்சிங்க. பொறுக்கிப் பொறுக்கி எடுத்தோம். அப்பியும் நாலு தப்பிச்சிடுச்சி."

செடியின் குஞ்சம் எரிந்தால் காகித வாடைதானே வரும்? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட கேக்கறது இருக்கட்டும்ங்க. போட்ட எடத்துல போடுங்க" என்றார் தேவகி.

போட்டேன். விதையின் போட்டோவோடு, தப்பு என்னுடையதுதான் என்று விவரமாக. பிறகு, ஆர்டரை கேன்சல் செய்தவர்களில் ஒருவர் கேட்டார்:

"அக்கா, இப்டி எழுதினதுக்கு உங்களுக்கு ஒரு பொடவை ஃப்ரீயா?"