எக்ஸாமினர் பாஸ் செய்த நாவல்

நான் கதை எழுத ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு கத்தரிக்கோல். அது எங்கள் வீட்டுக் கத்தரிக்கோல்கூட இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் புனேயை ஒட்டிய கட்கியில் எங்கள் லைன் வீடுகளில் பதினோரு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. வீட்டுக்கு ஒருவராவது அங்கிருந்த அரசுத் தொழிற்சாலைக்குப் போகிறவர். மெட்ராஸிலிருந்து வரும் வாரப் பத்திரிகை ஒன்றை எல்லோரும் சேர்ந்து வாங்கினார்கள். அது முதல் வீட்டில் ஆரம்பித்து வரிசையாகக் கை மாறி வரும். எங்கள் வீடு பதினோராவது. பத்தாவது வீட்டு அத்தைக்குத் தொடர்கதை என்றால் உயிர். அந்தப் பக்கங்களை அழகாகக் கத்தரித்துச் சேர்த்து, வருஷக் கடைசியில் பைண்டு செய்து பெட்டியில் வைத்துக்கொள்வார். பத்திரிகை எங்களிடம் வரும்போது ராசிபலன், சமையல் குறிப்பு, தலைவலித் தைல விளம்பரம் எல்லாம் பத்திரமாக இருக்கும். தொடர்கதை மட்டும் இருக்காது.

அத்தையிடம் கேட்காமல் இல்லை. "பைண்டிங் ஆவட்டும்டி, தரேன்" என்பார். வருஷம் முழுக்க யார் காத்திருப்பது? கதாநாயகி கோபித்துக்கொண்டு ரயிலேறிவிட்டாள் என்று குழாயடியில் யாராவது சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு, அவள் எங்கே இறங்கினாள், யார் வீட்டுக் கதவைத் தட்டினாள் என்று நானே எழுதிவிடுவேன். தஞ்சாவூரில் ஏறினாலும் திருச்சியில் ஏறினாலும் என் கதாநாயகிகள் சிவாஜி நகரில்தான் இறங்கினார்கள். எனக்கு வழி தெரிந்த ஸ்டேஷன் அது ஒன்றுதான்.

தண்ணீருக்கு நிற்கும் பெண்களிடம் என் அத்தியாயத்தைச் சொல்வேன். ஒருநாள் ஓர் அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே, "அச்சுல வந்ததுக்கு நீ சொல்றது தேவலடி" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் இறங்கவில்லை.

படித்து முடித்து, கட்கியிலேயே ஓர் ஆங்கிலப் பள்ளியில் டீச்சர் ஆனேன். கல்யாணமும் கட்கியிலேயே ஆயிற்று. அவருக்குப் பூர்வீகம் வட ஆற்காடு. பதினெட்டு வயதில் அப்பா இறந்துபோக, அந்த இடத்துக்குத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்த நாட்களைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் தோண்டிக் கேட்டதில்லை.

அவர் அங்கே எக்ஸாமினர். செய்து வருகிற ஒவ்வொரு பீஸையும் 'டிராயிங்' என்கிற வரைபடத்தோடு வைத்து அளந்து பார்ப்பது அவர் வேலை. சரியாக இருந்தால் பாஸ், சரிசெய்ய முடியுமென்றால் ரீவொர்க், தேறாது என்றால் ரிஜெக்ட். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும், ஒரு முனை நீலம், மறு முனை சிவப்பு. என் சாம்பாரையும் அந்த முகத்தோடுதான் சாப்பிடுவார். கதைகள் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்காத மனிதர்.

அப்படிப்பட்டவருக்கு வாழ்க்கைப்பட்டுத்தான் நான் நாவல் எழுதினேன். பள்ளியில் பரீட்சைக்குப் பிறகு மிஞ்சும் வெற்றுத் தாள்களைக் கேட்டு வாங்கி வருவேன். ஓரத்தில் கோடு போட்ட தாள்கள். ஸ்கூல் விட்டு வந்து அவர் ஷிப்ட் முடித்து வருவதற்குள் இரண்டு பக்கம் எழுதிவிட்டால் அன்று எனக்குத் தீபாவளி. லைன் வீட்டுப் பெண் ஒருத்தி, அப்பா போனபின் அவர் வேலைக்குத் தானே போகிறாள். அதுதான் கதை. எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று பயந்துகொண்டே எழுதினேன். அவர் கேட்கவே இல்லை.

கேட்கவில்லையே தவிர, படித்தார். சாப்பாட்டுக்குப் பிறகு தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஏதாவது எழுதுவார். 'மூன்றாம் பக்கத்தில் இவருக்கு வலது கையில் கட்டு. இங்கே இடது. ரீவொர்க்.' 'நாலு மணிக்கு அந்த பஸ் கிடையாது. ரிஜெக்ட்.' 'இந்தப் பெண் அழுவது இது ஐந்தாம் முறை. தேவைக்கு அதிகம்.' சொன்னது அத்தனையும் சரி, அதுதான் எரிச்சல். பிழை இல்லாத பக்கத்தில் 'பாஸ்' என்று மட்டும் இருக்கும்.

"ஏங்க, நல்லாருக்கா?" என்று கேட்பேன்.

"எனக்கு அளவு தெரியும். கதை இன்னா தெரியும்?" என்பார். கல்லிலே நார் உரித்துவிடலாம், இவரிடமிருந்து ஒரு 'நல்லாருக்கு' வாங்க முடியாது.

நாவலை மெட்ராஸுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. வேறொரு பத்திரிகைக்கு அனுப்பினேன். அங்கிருந்தும் வந்தது. மூன்றாவது முறை தபால்காரரிடம் தாள்கட்டை வாங்கியவர் அவர். உள்ளே இருந்த துண்டுச் சீட்டில் 'வருந்துகிறோம்' என்று அச்சடித்திருந்தது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"காரணம் எழுதலையே" என்றார்.

"எழுத மாட்டாங்க."

"காரணம் எழுதாம ரிஜெக்ட் பண்ணக் கூடாது. அப்படி ரூலே இல்ல." சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நாமளே அச்சடிச்சிரலாம்" என்றார்.

ஃப்ரிஜ் வாங்கச் சேர்த்து வைத்திருந்தது அப்படித்தான் நாவலுக்குப் போயிற்று. சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் எனக்குள் ஒரு முள் தைத்துக்கொண்டது. மூன்று முறை மூக்குடைபட்டவள் என்று இரக்கப்பட்டு அச்சடிக்கிறாரா, இல்லை அந்த நாவல் நிஜமாகவே அவருக்குப் பிடித்திருக்கிறதா? இரக்கம் என்றால் எனக்கு அந்தப் புத்தகமே வேண்டாம். இதை அவரிடம் கேட்கத் தைரியம் இல்லை. கேட்டாலும் அளவு, கதை என்றுதான் சொல்வார்.

கட்கி பஜாரில் அப்போது ஒரு சின்ன அச்சகம் இருந்தது. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். தமிழ்க் கல்யாணப் பத்திரிகை, கோயில் பாட்டுத் தாள், இரங்கல் அறிவிப்பு எல்லாம் அங்கேதான் அச்சாகும். ஈய எழுத்துகள் குறைவு. எட்டுப் பக்கம் கோத்து, அச்சடித்து, எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டால்தான் அடுத்த எட்டுப் பக்கம். முதல் வாரமே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"அந்தப் பிள்ளையப் பக்கத்துக்கு முப்பது தடவ பேர் சொல்லிக் கூப்பிடுதியளே டீச்சரம்மா. அந்த எழுத்து எங்கிட்ட அம்புட்டு கெடையாது."

அதனால்தான் என் கதாநாயகி பாதி நாவலில் வெறும் 'அவள்'. பிற்பாடு ஒருவர் அதை நல்ல உத்தி என்று எழுதினார். நான் மறுக்கவில்லை.

அச்சுக்கோப்பவர் ஒரு மராட்டியர், காகா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தமிழ் படிக்கத் தெரியாது. எழுத்துகளின் உருவத்தை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு பல வருஷமாகக் கோத்து வந்தார். தாளில் என்ன இருக்கிறதோ, அது அப்படியே அச்சில் இருக்கும். அந்தத் திறமையை நான் முழுசாகப் புரிந்துகொண்டது முதல் புரூஃப் கைக்கு வந்தபோதுதான்.

பண்ட் கார்டன் பூங்காவில், ஆற்றைப் பார்த்தபடி, என் நாயகன் அவளிடம் உருகுகிறான். 'உன்னைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் யாருமே இல்லை.' அதற்கு அடுத்த வரி, அதே அழகான எழுத்தில்: 'போன பக்கத்தில் இவனுக்கு ஓர் அண்ணன் இருந்தான். ரீவொர்க்.'

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எட்டுப் பக்கத்திலும் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். காகாவிடம் போய் இது என்ன என்றேன். "பாயி, ஜே திஸ்தே, தே லாவ்தோ" என்றார் சாந்தமாக. கண்ணில் படுவதைக் கோக்கிறேன் என்று அர்த்தம். அவர்மேல் என்ன தப்பு? ஓரக் குறிப்போடு தாளைக் கொடுத்தவள் நான்தான்.

புரூஃபை வீட்டுக்கு எடுத்துவந்து என் வீட்டுக்காரர் முன்னால் போட்டேன். அவர் கையெழுத்துத் தாளை ஒரு டிராயிங்கைப் போலப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி வரியாக விரலை ஓட்டி ஒப்பிட்டார். கடைசியில் நிமிர்ந்து, "ஒரு எழுத்து மாறல. அந்த ஆளுக்கு நல்ல கை" என்றார். இத்தனை நாளாக நான் ஏங்கிய 'நல்ல' என்ற சொல், தமிழ் தெரியாத மராட்டிக் காகாவுக்குக் கிடைத்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டேன். அவர் பார்த்த தாளை நான் மறுபடி சுத்தமாகப் பெயர்த்து எழுதுவேன். அந்தப் பிரதிதான் அச்சகத்துக்குப் போகும். நாவல் மொத்தம் பதினைந்து தடவை எட்டுப் பக்கம், பதினான்காவது தடவை வரை ஒழுங்காகப் போயிற்று.

கடைசி எட்டுப் பக்கம் வந்த நேரம் பள்ளியில் கேதரிங். புனேயில் பள்ளிக்கூடக் கேதரிங் என்றால் ஆண்டு விழா மட்டுமல்ல, டீச்சர்களுக்கு அது ஒரு கல்யாண வீடு. ஐம்பது பிள்ளைகளுக்குக் காகிதச் சிறகு ஒட்டிக்கொண்டிருந்தேன். பொங்கலுக்குத் தமிழர்கள் கூடும் விழாவில் புத்தகத்தை வெளியிடுவதாக வேறு சொல்லியாயிற்று. பெயர்த்து எழுத நேரமில்லை. கடைசி அத்தியாயத்தை அவர் கையில் கொடுத்தேன்.

"படிங்க, கொண்டுபோய்க் குடுங்க. புரூஃபையும் நீங்களே பாத்துருங்க. பென்சில் மட்டும் படக் கூடாது."

"டீக் ஹை" என்று தலையாட்டினார்.

பொங்கல் விழாவுக்கு முந்தின நாள் புத்தகங்கள் வந்தன. அட்டையைத் தடவிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன், என் பேரைப் பத்துத் தடவை படித்தேன். உள்ளே திறந்து படிக்க மட்டும் மனசு வரவில்லை. பிழை கண்ணில் பட்டுவிடுமோ என்று பயம்.

விழாவுக்குத் தலைவர், லோஹேகாவிலிருந்து வந்த தமிழரான விமானப்படை அதிகாரி. புத்தகத்தை அவர் படித்திருக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. "கடைசிப் பக்கத்தைப் படிச்சா ஒரு புத்தகத்தோட தரம் தெரிஞ்சிடும்" என்று மைக்கில் சொல்லிவிட்டு, கணீரென்று வாசித்தார். அந்தப் பெண் முதல் நாள் வேலைக்குப் போகிறாள். சங்கு ஊதுகிறது. அப்பாவின் டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டுகிறாள். என் நாவல் அங்கே முடிகிறது.

தலைவர் நிறுத்தவில்லை.

"மூன்று முறை படித்தேன். குறை அகப்படவில்லை. முதல் நாள் அப்பாவின் டிபன் பாக்ஸ் எனக்கும் இப்படித்தான் கனத்தது. பாஸ்."

சபையில் கைதட்டல். 'நாவல் முடிந்தபின் நான் என்று ஒரு குரல் பேசுகிறதே, புதுமை' என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. என் வீட்டுக்காரரைத் தேடினேன். அவர் வாசலில் வருகிறவர்களுக்குக் கரும்புத் துண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தேன். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "பென்சில் படக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"கைப்பழக்கம்."

"சரி, புரூஃப் பாத்தீங்களே, அப்ப கண்ல படல?"

"பட்டுச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "டிராயிங்ல இருந்துச்சு. பீஸ்லயும் இருந்துச்சு. அப்புறம் இன்னாத்துக்கு எடுக்கறது?"

கட்டிலுக்கடியில் அடுக்கிய புத்தகங்கள் தீர இரண்டு வருஷம் ஆயிற்று. மறுபடி அச்சடிக்கப் போனபோது அவரும் கூட வந்தார். அச்சக முதலாளி கடைசிப் பக்கத்தைத் திறந்துவைத்து, "இந்த வரிய எடுத்துருவோமா டீச்சரம்மா? மொத தடவ தெரியாம விழுந்துட்டு" என்றார்.

நான் என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, சிவப்பு முனையால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'எடுப்பது ரிஜெக்ட்' என்று எழுதினேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "காரணம் எழுதல" என்றார்.

பென்சிலைத் திருப்பி நீல முனையால் எழுதினேன்: 'டிராயிங்கில் இருக்கிறது.'