கிளி எடுத்த மீனாட்சி

எங்கள் எதிர்வீட்டுக் கஸ்தூரியின் கணவர் கண்ணாயிரம் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. தேரடித் தெருவில் தையல் கடை. ஆனால் கிளியைக் கேட்காமல் மிஷினுக்கு எண்ணெய்கூடப் போட மாட்டார்.

பெரிய தேருக்குப் பக்கத்தில் ஜோதியம்மாள் கிளிக்கூண்டோடு உட்கார்ந்திருப்பாள். கிளி வெளியே வந்து, அடுக்கிய சீட்டுகளில் ஒன்றைக் கொத்திப் போடும். சீட்டில் ஒரு சாமி படமோ புராணத்து ராஜா படமோ இருக்கும். அந்தப் படத்தின் கதைதான் கேட்டவருக்குப் பலன். ஜோதியம்மாள் பாதி சொல்வதற்குள் மீதியைக் கண்ணாயிரமே சொல்லி முடித்துவிடுவார். அவருக்குத் தெரியாத புராணம் இல்லை.

1971இல் கஸ்தூரிக்குப் போளூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்தது. கல்யாணத்துக்கு முன்பே படித்துவிட்டுக் காத்துக் கிடந்த வேலை. இடுப்பில் இரண்டு வயது மகள். குடும்பத்தோடு அங்கேயே போய்த் தங்கினால்தான் முடியும்.

"கிளி இன்னா சொல்லுதுனு பாத்துடலாம்" என்றார் கண்ணாயிரம்.

கஸ்தூரி முந்திக்கொண்டு ஜோதியம்மாளிடம் ஓடினாள். "நல்ல சீட்டா வரணும்க்கா."

"ஒரு சீட்ட லேசா நீட்டி வெச்சா அதத்தான் கொத்தும்" என்று சிரித்தாள் அவள். "எந்தச் சாமி வோணும்?"

கஸ்தூரி யோசிக்கவே இல்லை. மீனாட்சி. நாட்டை ஆண்ட பொம்பளை.

கிளி மீனாட்சியையே எடுத்தது. கண்ணாயிரம் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா கஸ்தூரி? மதுரையிலயே இருந்துதான ஆண்டா?"

"கைலாசம் வரைக்கும் படை எடுத்துக்கினு போனாளேங்க!"

"போனா. கல்யாணத்துக்கு முன்னாடி. அப்புறம் போனாளா?"

கஸ்தூரி விடவில்லை. "நம்மூரு அம்மனே காஞ்சிபுரத்துலேர்ந்து கெளம்பி வந்தவங்கதானே?"

"புருஷன் இருக்கற எடத்துக்குத்தான வந்தா?" என்றார் அவர், சிரித்த முகமாக.

ஆர்டரில் போட்டிருந்த நாள் கடந்துபோனது. அவர் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்து பிரசாதம் கொண்டுவந்தார். எனக்கு அந்த மனுஷனை நாலு அறை அறையலாம் போலிருந்தது.

டீச்சருக்குப் படித்தவள் அவர் கடையில் உட்கார்ந்து வருஷக்கணக்காகச் சட்டைகளுக்குக் காஜா எடுத்தாள். "திட்டினா திருப்பித் திட்டலாம்க்கா. சாமி கதை சொல்றவர இன்னா பண்றது? மூச்சு முட்டுது" என்பாள்.

1986இல் மகளுக்கு வேலூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. மறுபடியும் கிளி. இந்தத் தடவை கஸ்தூரி ஜோதியம்மாளிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை. கூண்டுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டாள்.

வந்தது அரிச்சந்திரன். சுடுகாட்டில் கோலோடு நிற்கிற படம். ஜோதியம்மாளே முகத்தைச் சுளித்தாள்.

கண்ணாயிரம் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரி பேசிவிட்டாள். "கெளம்பச் சொல்லுதுங்க. ஊர வுட்டுக் காசிக்குப் போனதாலதான சிவன் நேர்ல வந்து எல்லாத்தையும் திருப்பிக் குடுத்தாரு? அரமனையிலயே குந்தியிருந்தா எந்தச் சாமி வந்திருக்கும்?"

அவர் சீட்டையே பார்த்தார். கதை சரியாகத்தான் இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆமா, போவட்டும்" என்றார்.

மகளை வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தவள், குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிரிவுதான் என்று நினைத்து, "லீவுக்கு வந்துடுவா, அழாத" என்று காப்பியை நீட்டினேன்.

"அதுக்கில்லக்கா. இந்தக் கதையெல்லாம் என் ஆர்டர் வந்த அன்னிக்கும் எனக்குத் தெரியும். அவர மொதல்ல பேச வுட்டுட்டேன்" என்றாள்.

காப்பியைக் குடித்து முடித்ததும், காஜா எடுக்கக் கடைக்குப் போனாள்.