ஜாக்கிக் கட்டை லிஸ்டில் இல்லை

1. பெட்டி போடுகிற வேலை

சிம்மக்கல் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் நான் பெட்டி போடுகிற ஆளாக இருந்தேன். பெட்டி என்றால் டூல்ஸ் பெட்டி. முதலாளிக்கு அப்போது ஆறு லாரிகள் ஓடின. ஒவ்வொரு வண்டியும் கிளம்புவதற்கு முன், வழியில் நின்றுபோனால் டிரைவரே சமாளிக்கத் தேவையான சாமான்களை எண்ணி எடுத்து வைப்பது என் பொறுப்பு. எழுமலையிலிருந்து வந்து எழுபதுகளின் கடைசியில் சேர்ந்தேன். பத்தாவது பெயில். கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும்.

முதல் நாளே முதலாளி ஒரு அட்டையைக் கொடுத்து லிஸ்ட் எழுதச் சொன்னார். ஸ்பேர்பார்ட்ஸ் கடை பில்களைப் பார்த்து அவர் வாசிக்க வாசிக்க எழுதினேன். ஜாக்கி, ஜாக்கி ராடு, வீல் ஸ்பேனர், அதற்குப் பைப், ரிங் ஸ்பேனர் செட், சுத்தியல், உளி, கட்டிங் பிளேயர், டயர் லீவர் இரண்டு, பேன் பெல்ட், டீசல் ஓஸ், கிளிப்பு, சென்டர் போல்ட்டு, பியூஸ், பல்பு, கட்டுக்கம்பி. அந்த அட்டையைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் கடைசி வரை பெட்டி போட்டேன்.

லிஸ்டில் இல்லாத சில சாமான்களும் வண்டியில் இருக்கும். பார் சோப்பு ஒரு துண்டு இருக்கும். டீசல் டேங்க் ஒழுகினால் அதைப் பிசைந்து அமுக்கி அடைத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்துவிடலாம். பழைய ட்யூப் ரப்பர் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஜாக்கிக் கட்டை. மண் இளகிய இடத்தில் ஜாக்கியை வெறுந்தரையில் வைத்து அடித்தால் லோடு வண்டி மேலே போகாது, ஜாக்கிதான் கீழே போகும். அதற்காக அடியில் ஒரு பலகைக் கட்டை கொடுப்பார்கள். அது கடையில் வாங்குகிற சாமான் இல்லை. டிரைவர்களே மர அறுவை மில்லில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பில் இல்லாததால் அது லிஸ்டில் ஏறவில்லை. கிளீனர் அதைக் கேபினுக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார், அவரே பார்த்துக்கொள்வார்.

பிச்சை அண்ணன் எங்கள் ஷெட்டில் மூத்த டிரைவர். நான் பேசாமல் வேலை செய்வதைப் பார்த்தால் அவருக்குக் கேலி.

"வாயில என்ன மாப்ள, கொழுக்கட்டையா? முழுங்கிட்டாவது பேசு" என்பார்.

நான் சிரித்துவிட்டு ஸ்பேனரைத் துடைப்பேன். எனக்கு இரண்டு பேருக்கு மேல் இருக்கிற இடத்தில் பேச்சு வராது. அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான்.

2. ஆயுத பூசைக்கு மறுநாள்

ஆயுத பூசைக்கு எல்லா வண்டிப் பெட்டிகளையும் கவிழ்த்து, இரும்புச் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து சாமி படங்களுக்கு முன்னால் பரப்பி வைப்போம். மறுநாள் காலையில் மறுபூசை முடிந்து படத்தை லேசாக அசைத்து வைத்த பிறகுதான் எதையும் எடுப்பது. அதற்கு முன் யாரும் தொடமாட்டோம்.

அந்த வருடம் படங்கள் வைத்த பெஞ்சு ஆடியது. தரை ஒரு பக்கம் பள்ளம். கையருகே பிச்சை அண்ணன் வண்டி நின்றது. அதிலிருந்த கட்டையை எடுத்துப் பெஞ்சின் இரண்டு கால்களுக்கு அடியில் நான்தான் கொடுத்தேன். நல்ல புளியங்கட்டை, நாலு விரல் கனம். பெஞ்சு கச்சிதமாக நின்றது. முதலாளிகூடப் பாராட்டினார்.

மறுநாள் விடிந்ததும் தூத்துக்குடிக்கு ஒரு அவசர லோடு. பிச்சை அண்ணன் போக வேண்டும். அவருடைய கிளீனர் பூசைக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. முதலாளி குளித்துவிட்டு வந்து படங்களுக்கு முன் நின்றார். மறுபூசைக்கு நேரம் இருந்தது.

"இந்த வண்டிச் சாமானை மட்டும் கும்புட்டு எடுத்துக்கப்பா. படத்தை அசைச்சிராத, பூசை முடியல" என்றார்.

லிஸ்ட்படி ஒவ்வொன்றாக எடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கட்டையைக் குனிந்து பார்த்தேன். அதை உருவினால் பெஞ்சு ஆடும், படம் அசையும். வேறு வண்டியின் கட்டையை எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மற்ற வண்டிகள் பின்பக்கக் கொட்டகையில் பூட்டிக் கிடந்தன. சாவி முதலாளியிடம் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். ஆனால் அவர் கண்ணை மூடி நின்றார், சுற்றிலும் வீட்டுப் பெண்கள் நின்றார்கள். எனக்கு வாய் வரவில்லை. ரோட்டில் கல் கிடைக்காதா என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிச்சை அண்ணன் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு ஜன்னல் வழியாகக் கேட்டார்:

"எல்லாம் போட்டாச்சா மாப்ள?"

"போட்டாச்சுண்ணே" என்றேன்.

"அப்ப வாரேன்" என்று சொல்லி, சக்கரத்தில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு போனார்.

கள்ளிக்குடி தாண்டிப் பின் டயர் பஞ்சர். முந்தின இரவு மழை பெய்திருந்தது. அது கரிசல் மண், ரோட்டோரம் களியாகக் கிடந்தது. அவர் கட்டையைத் தேடியிருக்கிறார், இல்லை. ஒரு தட்டைக் கல்லைப் பார்த்துப் போட்டு ஜாக்கி ஏற்றியிருக்கிறார். டயரைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டும்போது கல் புரண்டுவிட்டது. இடது கை சக்கரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கூட ஆள் இல்லை. அந்த வழியாக வந்த வண்டிக்காரர்கள் பார்த்துத் தூக்கி, விருதுநகர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மத்தியானம் அவர்களில் ஒருவர் ஷெட்டுக்கு வந்து சொன்னார்.

மூன்று விரல்கள் போய்விட்டன. இடது கை, கியர் போடுகிற கை.

3. நான் செய்த இரண்டாவது காரியம்

இதுவரை சொன்னது நான் செய்த தவறு. இனிச் சொல்வதை வெறும் தவறு என்று சொல்லித் தப்ப முடியாது.

இரண்டு நாள் கழித்து வேறொரு டிரைவர் போய் வண்டியைக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டார். பூசைப் பெஞ்சை எடுத்தபின் கட்டை மூலையில் கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். கட்டையை எடுத்துப்போய்க் கேபினுக்குப் பின்னால், அது வழக்கமாக இருக்கும் இடத்தில் செருகினேன். அதில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் துணியால் துடைத்தும் விட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பிச்சை அண்ணன் கட்டுப்போட்ட கையோடு வந்தார். இனி வண்டி ஓட்ட முடியாது என்று அவருக்கே தெரியும். ஷெட்டில் மேஸ்திரி வேலை கேட்கத்தான் வந்தார். முதலாளியும் கொடுக்கிற எண்ணத்தில்தான் இருந்தார். பேச்சோடு பேச்சாக, கல்லை வைத்து ஏன் ஜாக்கி ஏற்றினாய் என்று கேட்டார்.

"வண்டியில கட்டை இல்ல மொதலாளி."

"வண்டி வந்தப்புறம் நானே பாத்தேன்யா. பின்னாடி செருகித்தான் கெடக்கு."

"இல்ல மொதலாளி. அம்புட்டு எடத்துலயும் தேடுனேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "பெட்டி நீதான போட்ட? என்னப்பா?"

அந்த அறையில் நாங்கள் மூன்று பேர்தான். இரண்டு பேருக்கு மேல் பேச்சு வராது என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு வந்தது.

"லிஸ்டுல இருந்ததெல்லாம் போட்டேன் மொதலாளி" என்றேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பிச்சை அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். முதலாளி, கவனமில்லாமல் செய்ததைக்கூட மன்னிக்கலாம், செய்துவிட்டுப் பொய் சொல்கிறவனை ஷெட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி, ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கல்லை வைத்த டிரைவர் என்று ஷெட்டில் அவரைப் பற்றிப் பேச்சு பல வருடம் ஓடியது. புதிதாக வருகிற கிளீனர்களுக்கு அதைச் சொல்லித்தான் புத்தி சொன்னார்கள். அப்போதெல்லாம் நான் ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருப்பேன்.

4. சைக்கிள் ஸ்டாண்டில்

எட்டு வருடம் கழித்துத் திருமங்கலத்தில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார். இடது கையின் இரண்டு விரல்களால் டோக்கன் கட்டைப் பிடித்து வலது கையால் கிழித்தார். என்னை அடையாளம் கண்டு, "வா மாப்ள" என்றார். கேலி எதுவும் இல்லை.

கூட்டம் குறைந்தபின் சொன்னேன். பெஞ்சு ஆடியது, கட்டையைக் கொடுத்தது, உருவாமல் விட்டது, பிறகு திருப்பிக் கொண்டுபோய்ச் செருகியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நடுவில் இரண்டு சைக்கிளுக்கு டோக்கன் கொடுத்தார். நான் முடித்ததும் பேசினார்.

"வெரலு போனது போனதுதான். அதுக்கு உன்னைச் சொல்லல. கல்லு வச்சது நாந்தான். ஆனா கட்டை இல்லேன்னு நான் சொன்னத ஒருத்தரும் நம்பல. எம்பொண்டாட்டியே நம்பல. சோம்பேறித்தனத்துக்குக் கைய குடுத்துட்டு வந்தியேன்னு இன்னைக்கும் ஏசுறா. ஒண்ணு செய். வீட்டுக்கு வந்து அவகிட்ட சொல்லு."

போனேன். ஸ்டாண்டை மூடும்வரை காத்திருந்து அவர் பின்னாலேயே நடந்தேன். அந்த அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் என்னை ஒன்றும் திட்டவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. புருஷனைப் பார்த்து, "நீங்க சத்தியம் பண்ணுனீகளே. நான் நம்பலையே" என்றார். சுளகைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பிச்சை அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். எனக்கு உட்காரவும் தெரியவில்லை, கிளம்பவும் தெரியவில்லை.

ஷெட்டில் வேலை பார்க்கிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். எல்லாம் போட்டாச்சா என்று டிரைவர் கேட்டால், போடாததை முதலில் சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சத்தை நான் ஐந்து நிமிடம் தாங்கியிருந்தால், ஒரு மனுஷன் தன் வீட்டுக்குள் எட்டு வருடம் பொய்யனாக இருந்திருக்க வேண்டாம்.