நண்பனைத் தேடி நாலு அயல்

மட்டக்களப்புப் பட்டினத்தில் எனக்குத் தெரியாத ஒழுங்கை இல்லை என்று பீற்றிக்கொள்பவன் நான். இன்று சொந்த ஊரில் வழி தவறினேன்.

மகளின் கலியாணக் கார்டைச் சிநேகிதன் சித்திரவேலின் கையிலேயே கொடுக்க வேண்டும். வீடு கட்டும் மேசன் வேலைக்காரன், ரோசக்காரன். போனில் சொன்னால் வரமாட்டான்.

புளியந்தீவில் கோட்டைக்குப் பின்னால் பழைய ஓட்டு வீடு. மூத்த மகள் கதவைத் திறந்தாள்.

"அப்பா இப்ப இஞ்ச இல்ல மாமா. இந்த வீடு எனக்குச் சீதனமாத் தந்தாச்சு. கல்லடியில தங்கச்சி வீட்ட போய்ப் பாருங்க."

பாலம் தாண்டினால், கல்லடியில் வலை காயும் தெருவில் இளைய மகள் சிரித்தாள். "இது எனக்குத் தந்த வீடு மாமா. அப்பா நாவற்குடாவில, வாவிப் பக்கம்."

யோசனையில் மோட்டார் சைக்கிளை ஓட்டி, தெரு நடுவில் பேரீச்ச மரங்களைக் கண்டபிறகுதான் காத்தான்குடி என்று விளங்கியது. கடைக்காரர் ஒருவர், "நாவற்குடாவத் தாண்டி வந்திட்டீங்க தம்பி. தேத்தண்ணியக் குடிச்சிட்டுத் திரும்புங்க" என்றார். குடித்தேன்.

கடைசியில் நாவற்குடாவில், இரண்டு அறை வீட்டில், சித்திரவேல் கார்டை வாங்கிக் கண்ணில் ஒற்றினான்.

"மகளுக்குச் சீதனமா எந்த வீடுடா?"

"இருக்கிறது ஒண்டுதானே."

"அப்ப நீயும் மனிசியும்?"

"பாப்பம்."

"பயப்பிடாத. ரெண்டு தரம் வீடு மாறினவன் நான். ஒவ்வொரு தரமும் புது அயல், புதுச் சண்டை, புதுச் சிநேகிதம். மகள்மார்தான் எனக்கு இந்த ஊரச் சுத்திக் காட்டினவங்க."

இருவரும் சிரித்தோம். மீன் குழம்போடு சோறு போட்டான்.

பக்கத்துக் காணி வெறுமையாகக் கிடந்தது. யாருடையது என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் பின்னேரமே எனக்கொரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கியிருப்பான்.