சத்தம் போடாத டிஸ்க்

என் கணவருக்கு ஹெப்பகோடியில் மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்குரூ டிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டு, இது தேறும், இது தேறாது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை என் மேல்கூட இருந்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், ஜீவனஹள்ளி வீட்டில் கம்ப்யூட்டர் வைத்துத் தமிழ் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. ஆராய்ச்சி மாணவி ஒருத்தியின் முழு ஆய்வேடும் அதோடு போயிற்று. கைப்பிரதி இருந்ததால் மறுபடி அடித்துவிடலாம்தான். ஆனால் சமர்ப்பிக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அது தவறினால் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவிருந்த கல்லூரி வேலை கைநழுவிவிடும். 

"நல்ல டிஸ்க்கா நானே பொறுக்கித் தரேன், வா" என்று கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்குக் கிளம்பினார் இவர். சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர்.

கடைக்காரர் ஒவ்வொரு டிஸ்க்காகக் கரண்ட் ஒயரில் மாட்டி ஓடவிட, இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒன்று கரகரவென்றதாம். ஒன்று முனகியதாம். இன்னொன்றுக்கு பேரிங் சரியில்லையாம். கடைக்காரருக்குப் பொறுமை போயிற்று.

"ஏனு சார், டிஸ்க்கு வாங்க வந்தீங்களா, வீணை வாங்க வந்தீங்களா?"

அதற்குள் வேறு யாரோ கூப்பிட, அடுத்த டிஸ்க்கை மேசைமேல் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனார். இவர் ஸ்குரூ டிரைவரை அதன் தலையில் வைத்தார். முகம் மலர்ந்தது.

"சத்தமே இல்ல பாரு. இதான் டிஸ்க்கு."

மாட்டாத ஒயர் மேசைக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். சொன்னால் கச்சேரி முதலிலிருந்து தொடங்கும். எனக்கோ வீட்டுக்குப் போய் முதல் அத்தியாயத்தை ஆரம்பிக்க வேண்டும்.

"இதையே எடுத்துக்கலாங்க" என்றேன்.

வீட்டில் மாட்டியதும் அது மாவு மெஷின் மாதிரி இரைந்தது. இவர் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து கேட்டார்.

"கடையில இப்படி இல்லையே."

"கடையில ஒயரே மாட்டலீங்க."

மனிதர் ஸ்குரூ டிரைவரை மேசை டிராயருக்குள் போட்டு மூடினார். மறுநாளிலிருந்து புதிய பழக்கம் ஒன்று தொடங்கியது. வேலை முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றிய கையோடு, நான் அன்று அடித்ததையெல்லாம் பிளாப்பியில் ஏற்றி பீரோவில் வைத்துப் பூட்டுவார். வைக்க நகை இல்லாததால் நாங்கள் பூட்டாமலே விட்டிருந்த பீரோ அது. என்ன இந்தக் காவல் என்று சீண்டிப் பார்த்தேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

கடைசி அத்தியாயம் பாதி அடித்திருந்தபோது இரைச்சல் சட்டென்று நின்றது. திரை உறைந்துபோயிற்று. அணைத்துப் போட்டேன், தட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது இவர் வந்தார். விஷயம் கேட்டார். பீரோவைத் திறந்து பிளாப்பிகளை எடுத்து என் மடியில் வைத்தார்.

"அழாத. நேத்து வரைக்கும் அடிச்சது எல்லாம் இருக்கு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். 

"அந்த டிஸ்க்கு மேல உங்களுக்கு நம்பிக்கையே இல்லையா?"

"வேற யாராவது பொறுக்கியிருந்தா நம்பியிருப்பேன்" என்றார்.